இந்தப் பக்கமிருந்து பாருங்க

மேல வைக்க முடியாதுங்க. கண்டக்டர்கிட்டயும் அதையேதான் சொன்னேன். அவரு பின்னால மூட்டையோட மூட்டையாப் போடுங்கறாரு. இதென்ன முட்டைக்கோசா? என் மடியிலதான் வரும். உங்க முட்டியில கொஞ்சம் இடிக்கும், பொறுத்துக்குங்க. உடுமலை வரைக்குந்தான். நீங்க எந்தூருக்கு? பழனிக்கா? அப்பச் சரி, நான் எறங்குனதுக்கப்பறம் காலை நல்லா நீட்டி உக்காந்துக்கலாம்.

போர்வைக்குள்ள என்னன்னு பாக்கறீங்களாக்கும். ரேடியோப் பெட்டிங்க. அந்தக் காலத்து வால்வு ரேடியோ. உள்ள ஒண்ணுமில்ல, வால்வு, ஒயரு, ஸ்பீக்கர் எல்லாத்தையும் கழட்டிக் கடையில வெச்சிருக்கறேன். இது வெறும் மரக்கூடு. வெறும் கூடுன்னும் சொல்லப்படாது, இத்தனை அக்கப்போரும் இதுக்குத்தான். என் பேரு திருமூர்த்தி. கோயமுத்தூர்ல டவுன்ஹாலுக்குப் பின்னால ஒரு சந்துல கடை. 'திருமூர்த்தி ரேடியோ ஒர்க்ஸ்'னு போர்டு தொங்கும். பழைய ரேடியோ வெச்சிருக்கறவங்க ஆரைக் கேட்டாலும் தடம் சொல்லுவாங்க.

இருங்க, போர்வையை விலக்கறேன். மேல் பலகையைப் பாருங்க. அதுல ஒரு கை அகலத்துக்கு மரத்தோல் பேந்து போயிருந்துச்சு. அங்க புதுசா ஒட்டுப் போட்டிருக்குது. எந்த எடம்னு கண்டுபுடிங்க பாக்கலாம். நான் இங்கிருந்து பாக்கறேன், எனக்கே தெரியல.

அங்கயா? கருப்பா ஒரு கட்டம் தெரியுதா? அது நீங்க சன்னல்பக்கம் உக்காந்திருக்கறீங்கல்ல, அதனால. வெளிச்சம் அப்படி. இந்தப் பக்கமிருந்து பாருங்க. கூச்சப்படாதீங்க, தலையை என் தோள்கிட்டக் கொண்டாங்க. இப்பத் தெரியுதா? தெரியலல்ல! அதைத்தான் நானும் சொல்றேன். இதை ஒத்துக்கறதுக்கு ஒருத்தருக்கும் மனசு வர மாட்டேங்குதுங்க.

உங்களுக்கு இந்தத் தொழில் தெரியாது, வெவரமாச் சொல்றேன். பெட்டி முழுசும் ஒசத்தி மரம்னு நெனச்சுப்போடாதீங்க. அடியில சாதாரணப் பலகைதான். அதுக்கு மேல வால்நட்டு, ஈட்டி, தேக்குன்னு நல்ல மரத்தை அப்பளமாட்டம் மெல்லிசாச் சீவி ஒட்டியிருப்பாங்க. வினீருன்னு பேரு. அழகெல்லாம் அந்தத் தோல்லதான் இருக்குது. மழை ஈரம் பட்டுதுன்னா பசை விட்டுரும். அங்கங்க பொக்குப் பொக்காக் கெளம்பும், ஓரம் சுருளும், துணி மாட்டி இழுத்தா பேந்துக்கிட்டு வந்துரும். சனங்க அப்படியே தூக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுருவாங்க. நாங்கதான் அதைத் திரும்பப் புதுசாட்டம் பண்ணறது.

நாங்கன்னா, நாந்தான். எங்கூட்டுக்காரி மயிலாத்தா பசை காச்சுவா. அவ்வளவுதானுங்க. வஜ்ஜிரம்னு ஒண்ணு, மாட்டுத்தோல்ல எடுக்கற பசை, கட்டி கட்டியா வரும். அதை ஊறப்போட்டு, சுடுதண்ணிக்குள்ள கிண்ணத்தை வெச்சுக் காச்சோணும். கொதிச்சுப்போச்சுன்னா அவ்வளவுதான், புடிமானம் செத்துரும். அது பக்கத்துலயே உக்காந்து பாக்கோணும், எனக்கு அந்த நாத்தம் ஆகாது. அதனால அவ காச்சுவா. அப்பறம் பலகை மேல நகத்தால தட்டித் தட்டி எங்கெங்க பொக்குன்னு கண்டுபுடிப்பா. ஈரத்துணி போட்டு மேல இஸ்திரிப் பொட்டியை லேசா வெச்சு, பழைய தோலைக் கிழியாம உரிப்பா. ஒட்டு வெட்டறதும் அவதான். கட்டமா வெட்டமாட்டா, ரேகை எப்படி நெளிஞ்சு போகுதோ அப்படியே பிளேடை நெளிச்சுக் கொண்டு போவா. ஒட்டிக் காஞ்சதும் உப்புத்தாள் தேய்க்கறது, அரக்கு பாலிஷ் ஏத்தறது, நிறம் கூட்டறது, இந்த மாதிரிச் சில்லறை வேலையெல்லாம் அவ பாத்துக்குவா. மத்தது பூராவும் நாந்தான்.

மத்ததுன்னா என்னவா? என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க! ரேடியோ பாடோணுமில்ல? வால்வு மாத்தோணும், ஒயரு பத்த வைக்கோணும். கடைக்கு வர்றவங்ககிட்டப் பதம் பாத்துப் பேசோணும். பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க. அவங்ககிட்ட மயிலாத்தாவா போயிப் பேசுவா? அவ கடைக்குப் பின்னாடி இருக்கற அறையை விட்டு வரவே மாட்டா. நான் வரச் சொன்னதுமில்ல, அது வேற.

சரி, கதைக்கு வர்றேன். வசுமதியம்மான்னு ஒருத்தரு. மில்லுக்காரங்க ஊட்டு மருமக, ரேஸ்கோர்ஸ் பக்கம் பங்களா. பழைய ரேடியோன்னா அவங்களுக்கு உசுரு. அவங்கப்பா வெச்சிருந்த ரேடியோ ஒண்ணு, ஓடு ஒழுகி மழைத்தண்ணியில ஊறிப்போயிருச்சு. கொண்டாந்தாங்க. பாத்தா, தோல் பாதி இல்ல. இது ஆகாதுங்கம்மான்னு சொல்ல வாயெடுத்தேன். பின்னாலருந்து மயிலாத்தா, 'வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க'ன்னு மெதுவாச் சொன்னா. நானும் வெச்சுட்டுப் போங்கம்மா, நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். அந்தத் தைரியம் எல்லாருக்கும் வருமாங்க?

கோடை முழுக்க அந்தப் பெட்டியோடதான் கெடந்தா. சோத்துக்குக் கூப்புட்டா, இருங்க பசை ஆறீரும்பா. எனக்கு ரசம் சுட வெச்சுக் குடுக்க ஆளில்லாம நானே போட்டுச் சாப்புட்டேன்னா பாத்துக்குங்க, நான் பட்ட பாட்டை. ஆனாக் கடைசியில பெட்டி வந்துச்சு பாருங்க! எங்க பழசு முடியுது, எங்க புதுசு தொடங்குதுன்னு எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் தெரியல. வசுமதியம்மா வந்து அதைத் தடவித் தடவிப் பாத்தாங்க. கண்ணுல தண்ணி வந்துருச்சு அவங்களுக்கு. எனக்கும் பெருமையா இருந்துச்சுங்க, பொய் சொல்ல மாட்டேன்.

அதோட விட்டிருந்தா ஒரு வம்பும் இல்ல. அந்தம்மா என்ன பண்ணுனாங்க, ஒரு கல்யாண மண்டபத்தைப் புடிச்சு, ஊர்ல இருக்கற பழைய ரேடியோவையெல்லாம் கொண்டாந்து அடுக்கி, கண்காட்சின்னு வெச்சாங்க. எங்க ரெண்டு பேரையும் கூப்புட்டாங்க. மயிலாத்தா அவ தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த பட்டை உடுத்திக்கிட்டு வந்தா. முன்வரிசையில உக்கார வெச்சாங்க. என்னை மட்டும் மேடைக்குக் கூப்புட்டாங்க. போர்டுல என் பேருதானுங்க இருக்குது, வேற ஆரைக் கூப்புடுவாங்க?

சால்வை போத்துனாங்க. அப்பறம் அந்தம்மா மைக்குல கேக்கறாங்க, 'இந்தப் பெட்டியோட மேல் பலகை, இந்த ஒட்டு, இதைச் செஞ்ச கை யாருடைய கை?' அப்படின்னு. மண்டபம் பூரா என்னையே பாக்குது. மைக்கைக் கையில குடுத்துட்டாங்க. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? நான் செஞ்சதுதாங்க, அப்படின்னேன். கை தட்டுனாங்க.

அதுல என்னங்க குத்தம்? கட்டடம் கட்டுனா மேஸ்திரி பேருதான் வரும். சாந்து தூக்கிக் குடுத்தவங்க ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லிட்டா இருப்பாங்க? புருசன் செஞ்சா என்ன, பொண்டாட்டி செஞ்சா என்ன, ஒரே ஊடு, ஒரே கடை. நான் அவளைப் பிரிச்சே பாக்கறதில்லீங்க. அவ கை வேற, என் கை வேறன்னு நெனச்சதே இல்ல. அதைப் புரிஞ்சுக்கோணுமில்ல?

மேடையிலருந்து அவளைப் பாத்தேன். எல்லாரும் தட்டறாங்க, அவளும் தட்டுனா. அப்ப அவளுக்கும் சந்தோசம்னுதானே அர்த்தம்?

ஊட்டுக்கு வந்தோம். தோசை ஊத்துனா. தேங்காச் சட்னி அரைச்சா. மொகத்துல ஒரு மாத்தமும் இல்ல. சால்வையை மடிச்சு பீரோவுல வெச்சா. மக்யா நாளு காலையில பையோட வந்து நின்னு, 'அம்மாவுக்கு முட்டி வலின்னு அண்ணன் சொன்னாரு, உடுமலைக்குப் போயிட்டு வர்றேன்'னா. சரி போயிட்டு வா, ரெண்டு நாள்ல வந்துருன்னேன். தலையாட்டுனா. சண்டையே இல்லீங்க. ஒரு வார்த்தை, ஒரு சத்தம், ஒண்ணும் இல்ல. அவ போனதுக்கப்பறந்தான் பாத்தேன், அந்தப் பசைக்கிண்ணத்தையும் பிளேடையும் கையோட எடுத்துட்டுப் போயிருக்கறா. முட்டி வலிக்கு வஜ்ஜிரம் எதுக்குங்க?

போன் பண்ணுனா எடுப்பா. சாப்டீங்களாம்பா. மாத்திரை போட்டீங்களாம்பா. எப்ப வர்றேன்னு கேட்டா மட்டும், பாக்கறேன்பா. ஆடி நோம்பி வந்துச்சு. வருசாவருசம் மாமனாரூட்டுலருந்து எங்க ரெண்டு பேரையும் அழைப்பாங்க, கண்ணாலமாகி இத்தனை வருசமாச்சு, ஒருக்காவும் தவறுனதில்ல. இந்த ஆடிக்கு மச்சினன் கூப்புடலீங்க. புதுச்சட்டை எடுத்துத் தெச்சு வெச்சிருந்தேன். கூப்புடாத ஊட்டுக்குப் போறதுக்கு எனக்கென்ன தலையெழுத்தா? அன்னைக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுக் கடையிலயே உக்காந்திருந்தேன். ஒருத்தரும் வரல.

வராட்டிப் போறா, எனக்கென்ன கை இல்லையா, இந்த வேலை என்ன பெரிய ராக்கெட்டு வேலையான்னு எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு வைராக்கியம். முதல்ல அவ அறையைச் சுத்தம் பண்ணுனேன். அலமாரி பூரா பழைய பெட்டிகள்ல உரிச்ச வினீர்த் துண்டு. ஒவ்வொண்ணுலயும் சாக்பீஸ்ல ஒரு அம்புக்குறி போட்டு வெச்சிருக்கறா. அது மரத்துல எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் காலுன்னு அடையாளமாம். மரத்தை அறுத்து எத்தனை காலமாச்சு, அதுக்கு இன்னும் தலை எது, காலு எதுன்னா? நல்லா ஈரத்துணி எடுத்து எல்லாத்தையும் அழுத்தித் தொடச்சு, பெருசு அடியில, சிறுசு மேலன்னு அடுக்குனேன். அறை பளிச்சுன்னு ஆயிருச்சுங்க. அவ இருந்தப்ப ஒருநாளும் அப்படி இருந்ததில்ல.

அந்தச் சமயம் பாத்து வசுமதியம்மா இந்தப் பெட்டியைக் கொண்டாந்தாங்க. அவங்க மாமியாரு சீரோட வந்த ரேடியோவாம். 'அதே மாதிரி செஞ்சு குடுங்க திருமூர்த்தி, இது நல்லா வந்துதுன்னா எங்கிட்ட இருக்கற மொத்தப் பெட்டியும் உங்களுக்குத்தான்'னாங்க. சரிங்கம்மான்னு வாங்கி வெச்சேன். மயிலாத்தா ஊருக்குப் போயிருக்கறாளான்னு கேட்டாங்க. ஆமாங்க, அதனால வேலைக்கு ஒரு கொறையும் வராதுன்னேன்.

பசை காச்சுனேன். முதல் தடவை கொதிச்சுப்போச்சு. அடுப்பு சரியில்ல. மறுக்கா காச்சுனேன், வந்துருச்சு. பேந்த எடத்தைச் சீவிச் சுத்தம் பண்ணி, அதே மரத்துல அதே நிறத்துல ஒரு துண்டைத் தேடி எடுத்து, கட்டமா வெட்டி, ஒட்டி, மேல எடை வெச்சு, காய வெச்சு, தேய்ச்சு, பாலிஷ் ஏத்தி, என் மேசைக்கு முன்னால உக்காந்து பாக்கறேன். ஒட்டே தெரியலீங்க! இப்ப நீங்களே பாத்தீங்கல்ல, என் பக்கமிருந்து. எனக்கு அழுகையே வந்துருச்சு. ஆருகிட்டயாவது காட்டோணும்னு இருந்துச்சு. பின்னால திரும்பி மயிலாத்தான்னு கூப்புட்டுட்டேன். பழக்கதோசம்.

பெட்டியைத் தூக்கிக்கிட்டு ரேஸ்கோர்ஸ் போனேன். கூடத்துல மேசை மேல வெச்சு, போர்வையை எடுத்தேன். அந்தம்மா என் பக்கம் நின்னு பாத்தாங்க. அடடான்னாங்க. சரின்னு நான் மூச்சு விடறதுக்குள்ள, தண்ணி கொண்டாரச் சொல்ல அந்தப் பக்கம் போனாங்க. போனவங்க அங்கேயே நின்னுட்டாங்க. 'இது என்ன, கருப்பா ஒரு கட்டம்?'

நான் நின்ன எடத்துலருந்து பாருங்கம்மான்னேன். 'எங்க வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் நீங்க நின்ன இடத்துலயே நிப்பாங்களா திருமூர்த்தி?'ன்னு கேக்கறாங்க. அப்பப் பெட்டியைத் திருப்பி வெச்சுக்கலாம்மான்னேன். திருப்பி வெச்சா ரேடியோ செவுத்தைப் பாத்துப் பாடும்னாங்க. சரி, அந்தச் சன்னலைச் சாத்தீருங்கன்னேன். இத்தனை வழி சொல்றேன், ஒண்ணையும் ஏத்துக்கல. பெரிய மனுசங்களுக்கே அந்தப் புடிவாதம் இருக்குதுங்க.

ஏனுங்க? துண்டைத் தலைமாத்தி ஒட்டியிருப்பனோவா? நீங்க என்ன, ஆசாரியா? இல்லல்ல? பின்ன எதுக்குங்க இந்த ஆராய்ச்சி? மயிலாத்தா ஒருக்கா சொல்லியிருக்கறா, ரேகைக்கு ஒரு சாய்வு உண்டு, பட்டுச்சேலையாட்டம், இந்தப் பக்கம் பாத்தா ஒரு நிறம், அந்தப் பக்கம் பாத்தா வேற நிறம், ஒட்டறப்ப தலைமாறக் கூடாதுன்னு. சொல்லியிருக்கறா. நான் அப்ப ஸ்பீக்கர்ல கரகரப்பு எங்க வருதுன்னு கேட்டுட்டு இருந்தேன். அதெல்லாம் பொம்பளைங்க கணக்குங்க. அதுக்கும் இந்தக் கட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

அப்பறம் கேளுங்க. அந்தம்மா பெட்டியைத் தடவிப் பாத்துட்டு, 'முன்னாடி செஞ்ச கை இது இல்லையே'ன்னாங்க. அதே கைதாங்கன்னேன். அவங்க என் கையைப் பாத்தாங்க. உள்ள போயி போன் பேசிட்டு வந்து, 'மயிலாத்தாகிட்டப் பேசிட்டேன்'னாங்க. அவ நம்பரு எப்படீங்க இவங்ககிட்ட? அன்னைக்கு மண்டபத்துலயே, பெட்டியை எப்படித் தொடைக்கறது, என்னத்தைப் போடறதுன்னு அவகிட்டக் கேட்டு, நம்பரையும் வாங்கி வெச்சிருக்கறாங்க. நான் மேடையில சால்வையோட நிக்கறேன், என்கிட்டக் கேக்காம அவகிட்டப் போயிக் கேட்டிருக்கறாங்க பாருங்க.

மயிலாத்தா என்ன சொன்னாளாம் தெரியுங்களா? 'பெட்டியைக் கொண்டாரச் சொல்லுங்க, செஞ்சு தர்றேன். ஆனா அவரே தூக்கிக்கிட்டு வரட்டும். எங்கூட்டு வாசல்ல, எங்கண்ணன் இருக்கறப்ப, முதல் பெட்டியைச் செஞ்சது எங்கூட்டுக்காரிதான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். சொன்னாருன்னா, வேலை முடிஞ்சதும் பெட்டியோட நானும் வர்றேன். சொல்லலீன்னா பெட்டி மட்டும் வரும். இனிமேப்பட்டு எல்லாப் பெட்டியும் நேரா உடுமலைக்கே வரட்டும்.'

எப்படி இருக்குது? இவ்வளவு வருசம் பேசாத வாயி! அதுவும் இன்னொருத்தரு மூலமாச் சொல்லி அனுப்பறா!

நான் சொல்ல மாட்டேனுங்க. சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன். மச்சினனுக்கு முன்னால நான் போயிக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கோணுமா? அவன் என் கண்ணாலத்துல எனக்குப் பாய் விரிச்ச பய. நாளைக்கு அது கோயமுத்தூர் வரைக்கும் வரும். திருமூர்த்திக்கு வேலை தெரியாது, எல்லாம் சம்சாரம் செஞ்சதுன்னு சந்து பூராப் பேசுவாங்க. போர்டைக் கழட்டி அடுப்புல வைக்கறதா?

இப்ப எதுக்குப் போறேன்னா, பெட்டிக்காகத்தான். வசுமதியம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கறேன். போறேன், வாசல்ல வெக்கறேன், தண்ணி குடுத்தாக் குடிக்கறேன், அடுத்த பஸ்ஸுல ஏர்றேன். அவ்வளவுதான். வந்தா வா, வராட்டி இரு. எனக்கு ரசம் வெக்கத் தெரியும். துணி தொவைக்கத் தெரியும். ஊடு வெறிச்சுன்னுதான் கெடக்குது, இல்லைங்கல. சாயங்காலம் கடையைச் சாத்திட்டு உள்ள போனா ஒரு சத்தம் இருக்காது. அவ நகத்தால தட்டிக்கிட்டே இருப்பா பாருங்க, டொக்கு டொக்குன்னு, அப்பல்லாம் எரிச்சலா இருக்கும், நிறுத்தும்பேன். இப்ப நானே ரேடியோவைப் போட்டு வெச்சுக்கறேன். நொம்பக் கஷ்டமாத்தான் இருக்குதுங்க. அதுக்காக? அதுக்காகச் சொல்லீருவனா?

நீங்க கூடச் சொல்லீருன்னுதானே பாக்கறீங்க? ஒரே ஒரு வார்த்தைதானேம்பீங்க. ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தையை அவ கேக்காம இருந்திருந்தா ஒருவேளை நானே சொல்லியிருப்பேன். கேட்டா எப்படீங்க சொல்றது?

பொள்ளாச்சி தாண்டி எவ்வளவு நேரமாச்சு? உடுமலையா? அதுக்குள்ளயா? ஆமா, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. சரி, நான் எறங்கறேனுங்க. கொஞ்சம் காலை நகத்துங்க.

இருங்க. இருங்க, எந்திரிக்காதீங்க.

அந்தா, டீக்கடைக்கு முன்னால, பச்சைச் சேலை. அவதான். பக்கத்துல நிக்கறது மச்சினன். வசுமதியம்மா போன் பண்ணி எந்த பஸ்ஸுன்னு சொல்லியிருப்பாங்க, அவங்களுக்கு வேற வேலை இல்ல. ஊட்டு வாசல்னு சொன்னா, பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டா பாருங்க. இங்க வெச்சா? இத்தனை சனத்துக்கு முன்னாலயா?

எளச்சிருக்கறாளே. இல்ல, வெயிலுக்கு அப்படித் தெரியுது.

ஏனுங்க, ஒரு உபகாரம். நீங்க சன்னல்ல இருக்கறீங்க. அந்தக் கம்பி இல்லாத பக்கமாப் பெட்டியை அவகிட்டக் குடுத்துருங்க. இதா வர்றா பாருங்க, பஸ்ஸைப் பாத்துட்டா. பத்திரமுங்க, போர்வையோட குடுங்க. ஓரத்தைப் புடிக்காதீங்க, அடியில கை குடுங்க. ஆங், வாங்கிட்டாளா? நான் கொஞ்சம் குனிஞ்சுக்கறேன். செருப்பு வார் கழண்டுருச்சு.

என்ன பண்றா? போர்வையை எடுத்துட்டாளா? தலைக்கு மேல தூக்கிப் பாக்கறாளா? இந்தப் பக்கம் சாய்ச்சு... அந்தப் பக்கம் சாய்ச்சு... ஆமா, அப்படித்தான் பாப்பா. எப்பவும் அப்படித்தான் பாப்பா.

என்ன கேக்கறா? 'இதை ஆரு ஒட்டுனது'ன்னா? உங்களைத்தான் கேக்கறா, பதில் சொல்லுங்க. ஆரோ ஒருத்தர்னு சொல்லுங்க. என் பேரைச் சொல்லீராதீங்க. இந்தக் கட்டத்துக்கு என் பேரு வேண்டாமுங்க, எவனோ தெரியாத பய ஒட்டுனதுன்னு சொல்லுங்க!

இப்ப என்ன சொல்றா? 'பக்கத்துல இருக்கறவரை எறங்கி வரச் சொல்லுங்க'ன்னா? தூங்கறாருன்னு சொல்லுங்க. குனிஞ்சாப்புலயே தூங்கறாருன்னு சொல்லுங்க. என்ன சிரிப்பு உங்களுக்கு? சொல்லுங்கன்னா!

விசில் அடிச்சாச்சா? வண்டி எடுத்துட்டாங்களா? அப்பாடா. கண்டக்டரே, இங்க பழனிக்கு ஒரு டிக்கெட்டுங்க. ஆமா, உடுமலை வரைக்குந்தான் எடுத்திருந்தேன், இப்பப் பழனிக்குத்தான் போறேன். முருகனைக் கும்புட்டு நொம்ப நாளாச்சு. எறங்கறதும் எறங்காததும் என் இஷ்டமில்லீங்களா?

பாத்தீங்களா? நான் சொல்லலை. சொல்ல மாட்டேன்னேன், சொல்லலை. திருமூர்த்தி ஒண்ணு சொன்னான்னா சொன்னதுதான்.

ஏனுங்க, அவ இன்னும் அங்கேயே நிக்கறாளா, போயிட்டாளா? எனக்கு இங்கிருந்து தெரிய மாட்டேங்குது. நீங்க சன்னல்பக்கம் இருக்கறீங்கல்ல, கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்லுங்க.